நெய்தவங்க பேரு எங்க?

1950கள்ல சண்டிகர் ஹைகோர்ட் கட்டும்போது அத டிசைன் பண்ண பிரெஞ்சு கட்டிடக் கலைஞர் லே கார்பூசியேவுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்துச்சு. சுவரும் கான்கிரீட், கூரையும் கான்கிரீட், ஹால் ஒவ்வொண்ணும் அவ்வளவு உயரம், வக்கீல் வாயத் திறந்தா ஒரே எதிரொலி, என்ன சொன்னாருன்னு ஜட்ஜுக்கு கேக்கணும்ல. அவரு கண்டுபிடிச்ச தீர்வு துணி. நீதிபதி உக்கார்ற இடத்துக்குப் பின்னாடி சுவர் முழுக்க கம்பளியில நெய்த டேப்பஸ்ட்ரி. மொத்தம் 9. தலைமை நீதிபதியோட கோர்ட்டுக்கு 144 சதுர மீட்டர், மத்த 8 கோர்ட்டுக்கும் தலா 64 சதுர மீட்டர். கூட்டிப் பாத்தா 650 சதுர மீட்டருக்கு மேல வருது. சூரியன், மேகம், மின்னல், தராசுன்னு பெரிய பெரிய உருவங்கள், பளீர்னு கட்டம் கட்டமா நிறம். சில நீதிபதிகளுக்கு இது சுத்தமா பிடிக்கல, கோர்ட்டுக்கு இதெல்லாம் பொருந்தாதுன்னு எதிர்ப்பு காட்டினாங்க. அது தனிக்கதை.

எனக்கு இதுல வேற ஒண்ணு உறுத்துது. டிசைன் போட்டவரு யாருன்னு எந்த புக்கை எடுத்தாலும் இருக்கு. எங்க நெய்தாங்கன்னு தேடினா "காஷ்மீர்ல நெய்யப்பட்டது", அவ்ளோதான், ஒரே வரி. 650 சதுர மீட்டர் துணிங்க. சில மாசத்துல முடிச்சுக் குடுத்திருக்காங்க. எத்தன பேரு உக்காந்திருப்பாங்க, நூலுக்கு யாரு சாயம் போட்டாங்க, பிரான்ஸ்லேர்ந்து வந்த அந்த சின்ன படத்த பாத்து அத்தனை பெருசா எப்படி கணக்கு போட்டு ஏத்தினாங்க, அந்த மேகத்தோட வளைவு ஒரு முனை பிசகாம வரணும்னு யாரு ராத்திரி தூங்காம இருந்தாங்க? ஒரு பேராவது நான் படிச்ச எதுலயும் இல்ல.

நான் இதுல ஏன் இவ்ளோ சூடாகறேன்னா எங்க குடும்பம் காஞ்சிபுரம் பக்கம், தாத்தா காலம் வரைக்கும் வீட்ல தறி ஓடுச்சு. கோர்வை புடவை. தெரியாதவங்களுக்கு சொல்றேன், கோர்வைன்னா உடம்பு ஒரு கலர்லயும் கரை வேற கலர்லயும் இருக்கும், ரெண்டு கலர் ஊடையும் (குறுக்க ஓடற நூல்) சேர்ற இடத்துல ஒண்ணோட ஒண்ணு கொக்கி மாதிரி மாட்டி நெய்யணும், ஊடை நூல கொண்டு போற நாடா மூணு ஓடும், தறியில உக்கார்றவரு ஒருத்தரு, பக்கத்துல கரை நாடா தள்றதுக்கு இன்னொரு ஆளு, அது பெரும்பாலும் வீட்டுப் பசங்கதான். அவ்ளோ வேலை செஞ்சு முடிச்சு புடவை கடைக்குப் போனதும் கடை பேரு அதுல ஏறிடும், தாத்தா பேரு எங்கயும் இருக்காது. நல்லா நெய்தா கடைக்குப் பேரு, ஒரு இழை விட்டுப் போயிருந்தா மட்டும் "இத நெய்தது யாரு"ன்னு ஆளத் தேடி வருவாங்க. பாட்டி இத சொல்லும்போது கோவமா சொல்ல மாட்டாங்க, ஊர் வழக்கம் சொல்ற மாதிரி சொல்லுவாங்க. எனக்குத்தான் கோவம் வரும்.

டேப்பஸ்ட்ரின்னு சொல்றதும் அடிப்படையில இந்த கோர்வை வேலைதான், ஆனா புடவையில கரை ரெண்டு எடத்துலதான் சேரும், டேப்பஸ்ட்ரியில படத்துல எங்கெல்லாம் நிறம் மாறுதோ அங்கெல்லாம் ஊடை நூல் நின்னு திரும்பணும். ஒரு வரிசையில முப்பது நிறம் இருந்தா நூல் சுத்தின முப்பது தனித்தனி கண்டு தொங்கும். ஊடைய நெருக்கி நெருக்கி அடிச்சு நீளவாக்குல இருக்கற பாவு நூல் வெளிய தெரியாத மாதிரி மூடிடுவாங்க, அதனால கண்ணுக்குத் தெரியற நிறம் மொத்தமும் ஊடைதான். பிரான்ஸ்ல ஓபுஸோன் பக்கம் நெய்யறவங்க இன்னும் ஒரு படி மேல, படத்த தறிக்கு அடியில வெச்சுட்டு துணியோட பின்பக்கத்த பாத்துதான் நெய்வாங்க, முன்பக்கம் கீழ்நோக்கி இருக்கும், சரியா வருதான்னு பாக்க அடியில கண்ணாடி விட்டுப் பாப்பாங்க. நெய்த பகுதி உருளையில சுத்திக்கிட்டே போகும், அதனால முடிச்சு தறியிலேர்ந்து இறக்கற வரைக்கும் முழுப் படத்தையும் யாராலயும் பாக்க முடியாது. இங்கிலாந்துல கோவென்ட்ரி கதீட்ரல்ல 1962லேர்ந்து தொங்குற, ஓவியர் கிரஹாம் சதர்லேண்டோட கிறிஸ்து இப்படி பிரான்ஸ்ல ஃபெல்தான்ங்கற சின்ன ஊர்ல நெய்ததுதான், கிட்டத்தட்ட 23 மீட்டர் உயரம், ஒட்டு இல்லாம ஒரே துணி. அந்த முகத்த நெய்தவங்க அத முழுசா பாத்த அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி நெனப்பேன்.

சரி, நெய்யறவங்கள வெறும் காப்பி எடுக்கற ஆளுங்கன்னு நெனைக்கறவங்களுக்கு ஆஸ்திரேலியாவோட கான்பெரா பார்லிமென்ட் கதைய சொல்லணும். அங்க கிரேட் ஹால்ல ஒரு சுவர் முழுக்க யூகலிப்டஸ் காடு, கிட்டத்தட்ட 20 மீட்டர் அகலம் 9 மீட்டர் உயரம், உலகத்துலயே பெரிய டேப்பஸ்ட்ரிகள்ல ஒண்ணு. ஆஸ்திரேலிய ஓவியர் ஆர்தர் பாய்டோட ஓவியம், மெல்போர்ன்ல அப்ப இருந்த விக்டோரியன் டேப்பஸ்ட்ரி ஒர்க்‌ஷாப்ல நெய்தாங்க, நாலு பாகமா, ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, 1988ல கட்டிடம் திறக்கும்போது ரெடி. நெய்துகிட்டு இருக்கும்போது 1986ல ஹாலி வால்நட்சத்திரம் வந்துச்சு. எழுபத்தஞ்சு எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றது, நம்ம தறியில இருக்கற நேரத்துல வந்திருக்கு, அதையும் இதுல வெச்சுடலாமான்னு ஒரு யோசனை, பாய்டும் சரின்னுட்டாரு. அந்த காட்டுக்குள்ள இப்பவும் அது இருக்கு. ஒரு ஓவியர் தன் படத்துக்குள்ள இன்னொரு விஷயத்துக்கு இடம் குடுத்தாருன்னா நெய்யறதும் ஒரு படைப்புன்னு அவருக்கு புரிஞ்சிருந்துச்சுன்னுதானே அர்த்தம். அத்தன பெரிய ஓவியத்த பெருசாக்கும்போது தூரிகைத் தீற்றல் ஒவ்வொண்ணையும் எத்தன நூல் கலந்து காட்டறதுன்னு முடிவு பண்றது தறியில உக்காந்திருக்கறவங்கதான், ஒரே கண்டுல நாலஞ்சு இழைய வேற வேற நிறத்துல சேத்து சுத்தி தூரத்துலேர்ந்து பாக்கும்போது ஒரு புது பச்சை தெரியற மாதிரி பண்ணுவாங்க. அந்த பச்சை பாய்டோடது மட்டுமா?

நியூயார்க் ஐ.நா. சபையில பாதுகாப்பு கவுன்சில் வாசலுக்கு வெளிய இருக்கற, பிக்காசோவோட குவெர்னிகாவும் நெய்ததுதான், நிறைய பேரு அத ஓவியம்னே நெனச்சுட்டு இருக்காங்க. அமெரிக்க கோடீஸ்வரர் நெல்சன் ராக்ஃபெல்லர் 1955ல சொல்லி செய்ய வெச்சது. நெய்தவங்க பேரு ஜாக்லின் த லா போம் துர்பாக், இங்க அதிசயமா பேரு தெரியுது. பிக்காசோவோட ஒரிஜினல் கறுப்பு வெள்ளை சாம்பல், இதுல பழுப்பு கலந்து கொஞ்சம் சூடான நிறமா இருக்கும். 1985லேர்ந்து ஐ.நா.வுல கடனா தொங்குது. 2003 பிப்ரவரில ஈராக் போர் பத்தி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேச வந்தப்ப அது மேல நீலத் திரை போட்டு மூடினாங்க, டிவி கேமராவுக்கு பின்னணி நல்லா இருக்கணும்னு காரணம் சொன்னாங்க. குண்டு வீச்சுல செத்த சனங்களோட படத்துக்கு முன்னாடி நின்னு போர் பத்தி பேச முடியலன்னுதான் உலகமே அத புரிஞ்சுகிச்சு, நானும் அப்படித்தான் நம்பறேன். 2021ல ராக்ஃபெல்லர் குடும்பம் அத திரும்ப எடுத்துகிட்டாங்க, சுவரு வெறுமையா இருந்துச்சு, 2022 பிப்ரவரில மறுபடி வந்துடுச்சு. இத்தனை செய்தியிலயும் பிக்காசோ பேரு தலைப்புல, ராக்ஃபெல்லர் பேரு ரெண்டாவது வரியில, துர்பாக் பேரு இருந்தா கடைசி பத்தியில.

இப்ப ஹன்னா ரிக்கன் பத்தி. இவங்கள பத்தி தமிழ்ல யாராவது எழுதியிருக்காங்களான்னு தேடினேன், எனக்கு கிடைக்கல, அதனால கொஞ்சம் நிதானமாவே எழுதறேன்.

1894ல ஸ்வீடன்ல மால்மோல பொறந்தவங்க. முதல்ல டீச்சர், ஓவியமும் கத்துகிட்டாங்க. அப்புறம் நார்வேக்காரர் ஹன்ஸ் ரிக்கன கல்யாணம் பண்ணிகிட்டு ஓர்லாண்ட்ங்கற கடலோர ஊர்ல ஒரு சின்ன பண்ணைக்கு வந்துட்டாங்க. கரன்ட் கிடையாது, குழாய்த் தண்ணி கிடையாது. வீட்டுக்காரரே மரத்துல தறி செஞ்சு குடுத்தாரு. ஆட்டு ரோமத்த தானே நூத்து, பாசி, மரப்பட்டை, செடின்னு சுத்தி இருக்கறத வெச்சே சாயம் போட்டு நெய்தாங்க. அவங்க நீலம் ரொம்ப பிரசித்தம், அதுக்கு புளிக்க வெச்ச சிறுநீர் வேணும், வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்ககிட்டயும் வாங்கி சேத்து வெப்பாங்களாம். முகம் சுளிக்காதீங்க, அவுரி நீலம் வெறும் தண்ணியில கரையாது, எதையாவது புளிக்க வெச்சுதான் அத கரைய வைக்கணும், நம்ம பக்கம் தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டு தொட்டி கட்டுவாங்க, அவங்க ஊர்ல இது.

முக்கியமான விஷயம், அவங்க படம் வரைஞ்சு வெச்சுகிட்டு நெய்யல. நேரா தறியில. மனசுல இருக்கறத கீழேர்ந்து மேல வரி வரியா ஏத்திட்டே போகணும், தப்புன்னு தோணினா பிரிக்கணும். பாவு கட்டி உக்காந்தவங்களுக்குத்தான் தெரியும் இது என்ன துணிச்சல்னு. அதுவும் என்ன நெய்தாங்க? பூவும் மானும் இல்ல. 1935ல முசோலினி எத்தியோப்பியா மேல படையெடுத்தப்ப அத நெய்தாங்க, அதுல முசோலினி தலைய ஈட்டி குத்தற மாதிரி ஒரு பகுதி. 1937 பாரிஸ் உலகக் கண்காட்சில நார்வே அரங்குல அத வெச்சப்ப இத்தாலி கோவிச்சுக்கும்னு அந்தப் பகுதிய மட்டும் மறைச்சுட்டாங்க. அதே கண்காட்சிலதான் ஸ்பெயின் அரங்குல பிக்காசோவோட குவெர்னிகா இருந்துச்சு. நாஜிங்க நார்வேய புடிச்சிருந்த காலத்துலயும் நெய்தாங்க, வீட்டுக்காரர 1944ல புடிச்சு கிரினி முகாம்ல அடைச்சாங்க, அதையும் நெய்தாங்க. பின்னாடி வியட்நாம் போர், அதுவும் தறிக்கு வந்துச்சு. ரேடியோ கேட்டு பேப்பர் படிச்சு உலகத்துல நடக்கற அநியாயத்த ஒரு பண்ணை வீட்டுக்குள்ள உக்காந்து மாசக்கணக்கா நெய்துட்டு இருந்திருக்காங்க.

1958ல ஓஸ்லோல புது அரசு தலைமைக் கட்டிடத்துக்காக ஒண்ணு நெய்து குடுத்தாங்க, நாலு மீட்டருக்கு மூணு மீட்டர். நாம ஒரு நட்சத்திரத்து மேல வாழறோம்ங்கற அர்த்தத்துல பேரு. நீலப் பின்னணியில ஒரு ஆணும் பெண்ணும் துணியில்லாம கட்டிப் பிடிச்சு நிக்கறாங்க, சுத்தி அன்பும் குழந்தைங்களும். பிரதமர் ஆபீஸ் அப்ப இருந்த கட்டிடத்தோட கீழ்த்தளத்துல, தினம் அரசு ஊழியர்கள் அத தாண்டித்தான் வேலைக்குப் போவாங்க.

2011 ஜூலை 22. அந்தக் கட்டிடத்து வாசல்ல ஒரு வலதுசாரி தீவிரவாதி கார் குண்டு வெச்சான். அங்க 8 பேரு செத்தாங்க, அப்புறம் அதே ஆளு உத்தோயா தீவுல நடத்தின தாக்குதல்ல 69 பேரு, நிறைய பேரு சின்னப் பசங்க. டேப்பஸ்ட்ரி தூசியும் கண்ணாடித் தூளுமா கிடந்துச்சு, கீழ்ப்பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. ஆனா துணி நின்னுச்சு. கான்கிரீட் கட்டிடத்துல கண்ணாடி எல்லாம் போச்சு, கம்பளி நின்னுச்சு. சுத்தம் பண்ணி தெச்சவங்க அந்த கிழிசல கண்ணுக்கே தெரியாம மறைச்சிருக்க முடியும், அந்த திறமை அவங்களுக்கு இருக்கு, ஆனா தழும்பு தெரியற மாதிரியே தெச்சு விட்டாங்க. இந்த முடிவு எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. நடந்தது நடந்துச்சு, அது துணியிலயும் இருக்கட்டும்.

ரிக்கன் விஷயத்துல பேரு பிரச்சனை வரல, ஏன்னா டிசைனும் அவங்க, நூலும் அவங்க, தறியும் அவங்க. போலந்துல மக்தலேனா அபாகனோவிச்சும் இப்படித்தான், துறைமுகத்துல தூக்கிப் போட்ட கப்பல் கயித்தப் பிரிச்சு அந்த நாருல ஆளுயரத்துக்கு மேல நெய்து, சுவத்துலேர்ந்து இறக்கி நடு ஹால்ல தொங்கவிட்டாங்க, ஜனங்க சுத்தி நடக்கலாம், உள்ள எட்டிப் பாக்கலாம். நெதர்லாந்துல ஹெர்டோகன்போஷ் நகரத்து மாகாண அரசு கட்டிடத்துக்காக 1970, 71ல ஒரு பிரம்மாண்ட வேலை பண்ணாங்க, சுவர அடைச்சுகிட்டு ஒரு காடு மாதிரி நிக்கும். துணின்னா மெல்லிசு, அடக்கம், பொம்பளைங்க கைவேலைன்னு பேசிட்டு இருந்த ஆளுங்களுக்கு அவங்க வார்த்தையில பதில் சொல்லவே இல்ல.

ஷீலா ஹிக்ஸ் வேற வழி. அமெரிக்காவுல பொறந்து பாரிஸ்ல இருக்கறவங்க. நியூயார்க் ஃபோர்ட் ஃபவுண்டேஷன் கட்டிடத்துல 1967ல ஆடிட்டோரியம் சுவர் முழுக்க தங்க நிற நூல்ல வட்ட வட்டமா தேன்கூடு மாதிரி இவங்க பண்ணது, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழிச்சு அதையே மறுபடி புதுசா செஞ்சும் குடுத்தாங்க. அந்த அறுபதுகள்லயே கோழிக்கோடு வந்து காமன்வெல்த் கைத்தறி ஆலையில நெசவாளர்களோட உக்காந்து வேலை பாத்திருக்காங்க, அதுல பிறந்த ஒரு துணிக்கு படகரான்னு அந்தப் பக்கத்து ஊர் பேரையே வெச்சாங்க. ஊர் பேரு வந்துச்சு, சந்தோஷம். ஆளு பேரு?

நம்ம ஊருக்கே வந்துடலாம். ஜேனட் எக்கல்மேன்னு அமெரிக்க கலைஞர், 1997ல ஃபுல்பிரைட் உதவித்தொகை வாங்கிட்டு இந்தியா வந்தாங்க, ஓவியக் கண்காட்சி வைக்கறதா ஏற்பாடு, பெயின்ட் எல்லாம் தனியா அனுப்பி வெச்சது வந்து சேரவே இல்ல. மாமல்லபுரத்துல இருந்தாங்க. சிற்ப ஊரு, சரி வெண்கலத்துல ஏதாவது பண்ணலாம்னு ஆரம்பிச்சா கனம், செலவு. ஒரு நாள் சாயங்காலம் கடற்கரையில மீனவங்க வலைய குவிச்சு வெக்கறத பாத்து, கனமே இல்லாம இவ்ளோ பெரிய உருவம் செய்ய முடியும்னு தோணியிருக்கு. மீனவங்களோட சேந்து வலை முடிஞ்சு முதல் சிற்பங்கள் பண்ணாங்க. இன்னிக்கு அவங்க வலைங்க போர்ச்சுகல்ல போர்ட்டோ கடற்கரையில (2005), பீனிக்ஸ் நகரத்துல (2009), சான்ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட் டெர்மினல் 2 கூரையிலேர்ந்து (2011) தொங்குது. இப்ப எடைக்கு எடை பார்த்தா இரும்ப விட பல மடங்கு உறுதியான செயற்கை நூல், காத்து எவ்ளோ அடிக்கும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு, மெஷின்ல போட்ட முடிச்சு, இணைப்பெல்லாம் கையால. மாமல்லபுரம் மீனவங்கள பத்தி அவங்க எந்த மேடையிலயும் மறக்காம சொல்றாங்க, அத மதிக்கறேன். ஆனா அங்க அன்னிக்கு கடற்கரையில உக்காந்து எந்த முடிச்சு எவ்ளோ இழுக்கும், எங்க தளர விடணும்னு காட்டிக் குடுத்தவரு யாரு? ஊர்ல இன்னும் இருப்பாரு, இல்ல அவரு பசங்க இருப்பாங்க. உலகத்துல நாலஞ்சு பெரிய நகரங்களோட வானத்துல நம்ம ஊரு முடிச்சு தொங்குதுன்னு அந்தத் தெருவுல எத்தன பேருக்குத் தெரியும்?

கம்ப்யூட்டர் வந்ததுக்கு அப்புறம் கேள்வி கொஞ்சம் சிக்கலாயிடுச்சு. லாஸ் ஏஞ்சலஸ் கதீட்ரல்ல 2002ல வெச்ச ஜான் நாவாவோட புனிதர்கள் வரிசை பெல்ஜியத்துல ஜக்கார்டு தறியில (எந்த இழைய தூக்கணும்னு தானா பாத்துக்கற தறி) கம்ப்யூட்டர் ஃபைல் ஏத்தி நெய்தது. மாசக்கணக்குல ஆகற வேலை மணிக்கணக்குல. இத போலின்னு சொல்ற கட்சியில நான் இல்ல, நேர்ல பாத்தவங்க முகங்கள் அவ்ளோ உயிரா இருக்குன்னுதான் சொல்றாங்க, ஜக்கார்டு அட்டைய பாத்து பயந்த காலத்துலயும் நம்ம ஊர்ல இதே பேச்சுதான் ஓடுச்சு. ஆனா அங்கயும் ஃபைல எந்த நூலுக்கு எந்த நெசவுன்னு பிரிச்சு எழுதற ஒரு ஆளு இருக்காரு, மெஷின் பக்கத்துல நிக்கற ஆளு இருக்காரு. அவங்களும் நெசவாளிங்கதான் என் கணக்குல.

பொதுக் கட்டிடத்துல துணி வெக்கறது லேசுப்பட்ட பொறுப்பு இல்லங்கறதையும் சொல்லணும். வெளிச்சம் பட்டா நிறம் போகும், மியூசியத்துல 50 லக்ஸ்க்கு (வெளிச்சத்த அளக்கற கணக்கு) மேல வெளிச்சம் கூடாதுன்னு வெச்சிருப்பாங்க, ஆபீஸ் லாபியில அதெல்லாம் நடக்காது. கம்பளின்னா அந்துப்பூச்சி. தூசி உக்காந்தா அந்த தூசியே நூல அறுக்கும். கட்டிடத்துக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க பட்ஜெட் இருக்கும், துணிய இறக்கி சுத்தம் பண்ண இருக்காது, அப்படியே பழசாகி ஒரு நாள் ஸ்டோர் ரூமுக்குப் போயிடும். எங்க ஊரு பக்கத்துல ஒரு ஆபீஸ்ல ரிசப்ஷன்ல தொங்கின ஒரு பெரிய பட்டுச் சித்திரத்த ஏசி போடறதுக்காக ஓட்டை போட்டு பைப் விட்டிருந்தத நானே பாத்திருக்கேன். கேட்டா "அது ஏதோ பழைய துணி சார்"ன்னாங்க. ஒரு பேரு எழுதி வெச்சிருந்தா, இன்ன தெரு இன்னாரு இத்தன மாசம் நெய்ததுன்னு ஒரு சின்ன பலகை இருந்திருந்தா அந்த டிரில்ல எடுத்தவரு கை ஒரு நிமிஷம் நின்னிருக்கும்னு நான் நம்பறேன்.

இது முடியாத காரியம் ஒண்ணும் இல்ல. சென்னை பக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்த 1966ல ஆரம்பிச்ச கூட்டத்துல ஒருத்தரான ஓவியர் எஸ்.ஜி.வாசுதேவ் பெங்களூர்ல பல வருஷமா பட்டுல டேப்பஸ்ட்ரி பண்றாரு, நெய்யறவரு சுப்பராயலு. வாசுதேவ் ஓவியம் குடுப்பாரு, சுப்பராயலு அத எந்த நூல், எந்த அடர்த்தி, எந்த பக்கம்னு தறிக்கு கொண்டு வருவாரு, உக்காந்து பேசிப் பேசித்தான் ஒவ்வொண்ணும் முடியும். அந்த டேப்பஸ்ட்ரி பத்தி எங்க பேச்சு வந்தாலும் ரெண்டு பேரும் சேந்துதான் வர்றாங்க. நம்ம ஊர்ல புதுசா கட்டற மெட்ரோ ஸ்டேஷன், ஏர்போர்ட், கலெக்டர் ஆபீஸ் எல்லாத்துலயும் இப்ப கைத்தறிய வெக்கணும்னு ஆசைப்படறாங்க, நல்ல விஷயம், வெக்கட்டும். டெண்டர் பேப்பர்லயே ஒரு வரி சேத்துடலாம்: டிசைன் யாரு, நெய்தது யாரு, சாயம் போட்டது யாரு, எந்த ஊரு, எந்த வருஷம். கல்வெட்டுல அமைச்சர் பேரு போடற அளவு எழுத்துகூட வேணாம், படிக்கற மாதிரி இருந்தா போதும். சண்டிகர் கேப்பிட்டல் காம்ப்ளெக்ஸ சுத்திக் காட்ட டூர் இருக்கு, யாராவது போனீங்கன்னா கார்பூசியே பத்தி கைடு சொல்லி முடிச்சதும் காஷ்மீர்ல நெய்தவங்க யாருன்னு ஒரு வார்த்தை கேளுங்க, பதில் கிடைச்சா எனக்கும் எழுதுங்க, இங்கயே பேரோட போடறேன்.